கற்பூரம் சுட்ட கை

என் தம்பியைத் திருடன் என்று ஊர் முதன்முதலில் சொன்னபோது அவன் எதையும் திருடியிருக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும், "அதான் இப்ப உள்ள இருக்கானே" என்று பாதியிலேயே வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆமாம், உள்ளேதான் இருக்கிறான். திருட்டு கேஸ்தான். பொய் கேஸ் இல்லை, உண்மையாகவே திருடினான். அதையும் சொல்லியாகிவிட்டது. இனி நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர வேண்டாம்.

எங்கள் ஊர் ஆரணிக்கும் (பட்டுச்சேலை ஆரணி இல்லை, இது வேறு) கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே நெல் வயல். மேற்கே பார்த்தால் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகைக் கூண்டுகள். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். தம்பி மூன்றாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா கழனி வேலை, நூறு நாள் வேலை என்று எங்களைக் கரை சேர்த்தாள். நான் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன்.

துறைமுகத்திலிருந்து பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் எங்கள் பக்கம் வரும். தலைக்கு மேலே குவித்து ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் லாரி குலுங்கும்போது நாலு நட்டோ, போல்ட்டோ, இரும்புச் சுருளோ ரோட்டில் சிந்தும். அதை எடுப்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு வழி உண்டு. பழைய ஸ்பீக்கரை உடைத்து அதற்குள் இருக்கும் வட்டக் காந்தத்தை எடுப்பார்கள். அதைக் கயிற்றில் கட்டி ரோட்டோரமாக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். திரும்பி வரும்போது காந்தம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால் பரோட்டாவுக்கும் சினிமாவுக்கும் ஆகும். இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ரோட்டில் விழுந்தது ரோட்டில் போகிறவனுக்கு, அவ்வளவுதான்.

என் தம்பிக்கு அதில் தனிப் பைத்தியம். காந்தத்தை சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றுவான். நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வான். பதினைந்து வயசு. மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம்.

அந்த வருஷம் சொர்ணவாரி நெல் பால் பிடிக்கிற சமயத்தில், ஊரில் அதிக நிலம் வைத்திருந்த ஒருவருடைய மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போர்வெல் வரைக்கும் போகும் செம்பு ஒயர், அடி தவறாமல் முழுசாக. அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. அம்மா அவரை அண்ணன் என்பாள், நாங்கள் மாமா என்போம். தண்ணீர் இல்லாமல் நெல் பதராகப் போகிற நேரத்தில் அவருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. என் வயலாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனால் அவர் கத்தவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு இருபது பேர்.

"இரும்பு பொறுக்கற ஊடு எதுன்னு ஊருக்கே தெரியும்மா. பையனக் கூப்புடு" என்றார்.

அம்மா வெளியே வந்தாள். "அண்ணே, அது காந்தம்ணே. காந்தத்துல செம்பு ஒட்டுமா? நீயே சொல்லு."

"அதெல்லாம் எனக்கு வேணாம். வெள்ளிக்கெயம கோயிலுக்கு வரட்டும். கல்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிட்டுப் போவட்டும். பண்லன்னா பயம் இன்னாத்துக்கு?"

காந்தத்தை ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும்தான் இழுத்தார்கள். அவருடைய சொந்த மகனும் இழுத்தான். ஆனால் அப்பா இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். எந்த வாசலில் இருபது பேராகப் போய் நிற்கலாம் என்று கூட்டத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. கோழி காணாமல் போனால்கூடச் செய்வார்கள். அம்மன் முன்னால் வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தி, "நான் செய்யவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். நான் நிறைய பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஈ அடிக்கிற மாதிரிப் பட்டென்று தட்டுவார்கள், கையை எடுத்துவிடுவார்கள். ஒன்றும் ஆகாது.

அன்றைக்குக் காலையில் தம்பி தலைக்குக் குளித்தான். திருநீறு பூசிக்கொண்டான். அம்மா அழுதுகொண்டிருந்தபோது, "ஏம்மா பேஜாரு பண்ற? நான் எடுக்கல. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவன்தான் தைரியம் சொன்னான். கோயிலில் ஊரே இருந்தது. மாமா வாங்கி வந்திருந்த கற்பூரம் சாதாரணக் கட்டி இல்லை. சின்னக் கட்டியில் சத்தியம் நிற்காது என்று ஒரு கைப்பிடி குவித்திருந்தார். கொளுத்தியதும் முழங்கால் உயரத்துக்குத் தீ எழும்பியது.

என் தம்பி கையைத் தீயின் மேல் வைத்தான். தட்டவில்லை, வைத்தான். வைத்தபடியே அம்மனைப் பார்த்து, "மோட்டார் ஒயர நான் எடுக்கல. ஆத்தா மேல சத்தியம்" என்று நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தான். உருகிய கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அப்புறம்தான் அலறினான்.

நான் இதை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். திருடியவனாக இருந்தால் தட்டிவிட்டு ஓடியிருப்பான். திருடனுக்குத் தீ சுடும் என்று தெரியும். இந்த மடையன் நம்பினான். உண்மை சொல்கிறவனைத் தீ சுடாது என்று சின்ன வயசிலிருந்து இந்த ஊர் சொல்லிக் கொடுத்ததை, அந்த ஊரிலேயே நிஜமாக நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் உள்ளங்கை முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம். அதைப் பார்க்க ஆள் வந்தார்கள். நலம் விசாரிக்க இல்லை, பார்க்க. "ஆத்தா காட்டிக் குட்த்துட்டா பாத்தியா" என்று வாசலிலேயே நின்று பேசினார்கள். அடுத்த வாரத்துக்குள் அவனுக்கு "ஒயரு" என்று பெயர் வந்துவிட்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லோரும் கைவிரிக்கிறார்கள். வாய் மட்டும் எல்லோருக்கும் இருந்திருக்கிறது. எங்கள் வீடு ஒயரு ஊடு ஆனது. நான் ஒயரு அக்கா ஆனேன்.

அம்மா அந்தக் காந்தத்தை ஏரியில் வீசினாள். அவள் பயம் அவளுக்கு. ஆனால் ஊர் அதையும் பார்த்தது. "தப்பு பண்லன்னா ஏன் தூக்கிப் போட்டா?" வைத்திருந்தால் ஏன் இன்னும் வைத்திருக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள்.

பெட்டிக்கடை அக்கா, இவன் போய் நின்றால் கடலை மிட்டாய் டப்பாவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள். அவளுக்கு விளையாட்டு. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவனும் சிரித்துவிட்டு வருவான். பள்ளிக்கூடத்தில் யாருடைய கால்குலேட்டரோ காணாமல் போயிற்று. வகுப்பில் நாற்பது பைகள் இருந்தன. வாத்தியார் இவனைப் பார்த்து மட்டும், "ஒயரு, உன் பையக் கொட்டு" என்றாராம். வருகைப் பதிவேட்டைத் தினமும் கையில் வைத்திருக்கிற மனுஷனுக்கு மாணவன் பெயர் தெரியாமல் போயிற்று. கால்குலேட்டர் பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்தது. "சரி, எடுத்து வெச்சிக்கோ, உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தினாராம். பையிலிருந்து கொட்டியதையெல்லாம் இவன் பாடம் முடியும் வரை தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பதினொன்றாவதைப் பாதியில் விட்டது படிப்பு ஏறாமல் இல்லை. அவன் நன்றாகப் படிப்பான் என்று சொன்னால் இப்போது யார் நம்புகிறார்கள்?

பொங்கல் முடிந்த சமயம், ஒரு டெம்போ நிறைய ஒயரோடு வெளியூர் ஆட்கள் இருவரை போலீஸ் பிடித்தது. எங்கெங்கே அறுத்தோம் என்று அவர்கள் சொன்ன இடங்களில் மாமாவின் கொட்டகையும் இருந்தது. மாமாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கே தெரிந்தது. அம்மா அன்றைக்குத் தலை வாரி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. நாலு நாள் பொறுத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவளே மாமா வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, எந்தக் கோயில்ல வெச்சி எம் புள்ளயக் கேட்டியோ, அதே கோயில்ல நின்னு அவன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுண்ணே. போதும்."

அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அதான் புடிச்சிட்டாங்களேம்மா. எல்லாருக்குந்தான் தெரியும். மைக் வெச்சி வேற சொல்லணுமா?" என்றார். அப்புறம் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "சரி, நீ சொல்ற மாதிரியே வெச்சிப்போம். கை ஏன் வெந்துச்சி? ஒயர எடுக்கலன்னா வேற எதனா எடுத்திருப்பான். ஆத்தா சும்மா சுடுவாளா?"

அம்மா எழுந்து வந்துவிட்டாள். நான் பேசினேன். "மாமா, இப்பப் போயி உங்க அடுப்புல கைய வைங்க. சுடலன்னா நான் ஒத்துக்கறேன்" என்றேன். பெரியவங்களை மதிக்கத் தெரியாத பெண் என்று எனக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் சுற்று வட்டாரத்தில் எங்கே ஒயர் போனாலும் ஏட்டையாவின் பைக் எங்கள் வாசலில் நிற்கும். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிப்போவார்கள். சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். அடிக்கவில்லை என்பான். கன்னம் வேறு சொல்லும்.

பதினெட்டு முடிந்ததும் அவனை ஒரு கம்பி உருட்டும் மில்லில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் பெண்ணின் அண்ணன் அங்கே கான்ட்ராக்டர். சிவக்கக் காய்ந்து வரும் கம்பியைக் கிடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. அனல் முகத்தில் அடிக்கும். தம்பிக்கு அது பிடித்திருந்தது. அப்பா செய்த மாதிரி வேலை என்று சொல்லிக்கொள்வான். முதல் மாதம் அம்மாவுக்கு ஒரு புடவை, எனக்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கி வந்தான். அந்த மில்லில் நிரந்தர ஆளாகிவிட வேண்டும், சட்டைப் பையில் பெயர் தைத்த யூனிஃபார்ம் போட்டுக்கொள்ள வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். இதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை.

மில் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் எங்கள் ஊர்க்காரர். போதாதா? முதல் வாரமே, "ஒயரு, ஓரமா நில்லு" என்றார். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது இவனை மட்டும் நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொல்வார். சாக்ஸை உதறச் சொல்வார். உள்ளே போகும்போது டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். உள்ளே போகிறவன் எதைத் திருடிக்கொண்டு போவான்? அம்மா வைத்துக் கொடுத்த கருவாட்டுக் குழம்பை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

அங்கே வேலை செய்த வடக்கத்திப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்டில் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் இவன் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். "வயர் பாய், வயர் பாய்" என்று, அண்ணன் என்கிற அர்த்தத்தில், ஆசையாகக் கூப்பிட்டு ரொட்டி கொடுப்பார்களாம். "அவுனுங்களுக்கு மட்டும் நான் கோச்சிக்க மாட்டங்க்கா. பாசமாக் கூப்புடறானுங்கோ" என்றான். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது.

ஒன்றரை வருஷம் அப்படி ஓட்டினான். லீவு போடாமல், யாரையும் எதிர்த்துப் பேசாமல். அப்புறம் மில்லில் வெல்டிங் மெஷின் கேபிள் ஒன்று காணாமல் போயிற்று. அன்று இவனுக்கு ஷிஃப்ட்டே கிடையாது. வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று போன் வந்தது. நான் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனேன்.

"அவன் மேல சந்தேகம்னு நான் சொல்லல சிஸ்டர்" என்றார் அவர். நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "நல்லா வேல செய்றவன். ஆனா எது போனாலும் அவன் பேரு வருது. மேனேஜர் என்னக் கேக்கறாரு. எனக்கு ரோதன."

"அவன் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தெரிஞ்சி இன்னா பண்றது சிஸ்டர்" என்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த டீயைக் குடிக்காமல் வந்தேன். கெட்டவர்கள் செய்கிற கெடுதலை எதிர்த்துச் சண்டை போடலாம். இந்த நல்லவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதே வாரம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தம்பியின் போட்டோவைப் போட்டு, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "உஷார்" என்று எழுதி அனுப்பினார்கள். ஏதோ கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது எடுத்த போட்டோ. கையில் சாம்பார் வாளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போடும் பொம்மைகள். காலை வணக்கமும் கடவுள் படமும் அனுப்புகிற அதே ஆட்கள். குரூப்பில் வாய்க்கு வந்ததைத் திட்டி எழுதிவிட்டு வெளியேறினேன்.

ஒயர் அறுக்கிற கூட்டம் அவனைத் தேடி வந்தது அப்போதுதான். அவன் அவர்களைத் தேடிப் போகவில்லை. "உன்னப் பத்திக் கேள்விப்பட்டோம்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்களாம். நல்ல வேலைக்கு ஒரு வார்த்தை சிபாரிசு செய்ய ஆளில்லாத பையனுக்கு, திருட்டு வேலைக்கு ஊரே சேர்ந்து சிபாரிசு செய்து வைத்திருந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மீன் லாரியில் வேலைக்குப் போகிறேன் என்றான், நம்பினேன். ஒரு நாள் மாமாவின் கொட்டகையில் மறுபடியும் ஒயர் போய்விட்டது என்று ஊரில் சத்தம். இந்தத் தடவை அவர் கேமரா வைத்திருந்தார். கேமராவின் ஒயரையும் சேர்த்து அறுத்திருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அப்புறம் வழக்கம்போல எங்கள் வாசலில் கூட்டம். வழக்கம்போல வெள்ளிக்கிழமை. கைப்பிடி கற்பூரம்.

அம்மா தம்பியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "வேணாம் நைனா, அக்காவோட ஊட்டுக்காரு ஊருக்குப் போயிடு" என்றாள். கடம்பத்தூரில் என் மாமியார் வீடு; கல்யாணத்துக்கு அப்புறமும் கம்பெனி வேலைக்காக வார நாட்களில் நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அவன் போகவில்லை. "வரேன்னு சொல்லும்மா" என்றான். கோயிலில் எல்லோரும் பார்க்க, "நான் எடுக்கல" என்று சொல்லி, பட்டென்று ஒரு தட்டு. தீ அணைந்தது. கையைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தான். பழைய தழும்பைத் தவிர கையில் ஒன்றுமில்லை.

கூட்டம் அப்படியே திரும்பியது. "பாவம், இவன் இல்ல", "சின்ன வயசுல எதனா பண்ணியிருப்பான், இப்பத் திருந்திட்டான்" என்று அதே வாய்கள் பேசின. மாமா அவன் தோளில் கை போட்டார். "நாளைலேர்ந்து நம்ம கயனிக்குத் தண்ணி பாச்ச வா. மோட்டார் கொட்டா சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒரு துளி வெட்கமில்லாமல் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து வடை சுட்டாள், பாயசம் வைத்தாள். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவும்போது தம்பி சொன்னான். "நாந்தாங்க்கா அறுத்தேன்."

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"அன்னிக்கி நெஜத்தச் சொன்னேன், கை வெந்துச்சி. இன்னிக்கிப் பொய்யச் சொன்னேன், சாவி தரேன்றாரு. இதுல நான் இன்னாக்கா கத்துக்கறது?"

எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. கையை ஓங்கிவிட்டேன். அடிக்கத் தோன்றவில்லை, அவன் நகரவும் இல்லை. "நீ ஏன்டா இப்படி ஆயிட்ட?" என்றுதான் கேட்க முடிந்தது.

"நான் ஆவலங்க்கா. நான் அஞ்சு வருசமா இதான். இப்பத்தான் வேலய ஆரம்பிச்சேன்" என்றான். முகத்தில் கோபம்கூட இல்லை. கை துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று யாராவது எனக்கு உபதேசம் செய்ய வந்தால் முதலில் அவர்கள் எந்த ஊர் என்று கேட்பேன்.

மாமாவின் சாவியை அவன் வாங்கவில்லை. "அந்த ஆளு கொட்டாவுல நான் காவல் காக்கறதா?" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. அந்தக் கூட்டத்தோடேயே சுற்றினான். திருந்து என்று நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். கடம்பத்தூரில் என் வீட்டுக்காரர் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லி வைத்தார். கடைக்காரர் போனில் விசாரித்தார். ஊரிலிருந்து என்ன பதில் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மூடிக் கிடந்த கம்பெனிக்குள் கேபிள் அறுக்கும்போது நாலு பேரோடு அவனும் கையும் களவுமாக மாட்டினான்.

அடுத்த நாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மாமாவின் மனைவி பால் கேனோடு வந்தார். என்னைப் பார்த்து நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில், "நாங்க அன்னிக்கே சொன்னோமே கண்ணு. ஆத்தா அன்னிக்கே காட்டுனாளே" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"ஆமாத்த, அன்னிக்கே சொன்னீங்க. அன்னிக்கி அவன் எடுக்கல, சொன்னீங்க. வேற ஆளப் புடிச்ச அப்பறமும் சொன்னீங்க. பள்ளிக்கூடத்துல சொன்னீங்க, மில்லு கேட்ல சொன்னீங்க, போன்ல படம் போட்டு சொன்னீங்க. அவன் நெஜமாலுமே திருடுன கொட்டா உங்க கொட்டாதான். அப்ப மட்டும் அவன் இல்லன்னு சொன்னீங்க. உங்க வாய்க்கு ஒரு நாளாச்சும் சரியானது வந்திருக்கா?"

எந்தக் கொட்டகை என்று நான் சொன்னது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கேனை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். போகட்டும், போய்ச் சொல்லட்டும், இன்னொரு கேஸ் போடட்டும். அம்மனையும் சாட்சிக்குக் கூப்பிடட்டும். என் பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்? ஆனால் அன்றைக்கு யார் தொட்டாலும் எனக்கு எரிந்தது.

ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதை எங்கள் பக்கம் மனு பார்ப்பது என்பார்கள். அம்மா வர மறுத்துவிட்டாள். நான் பிஸ்கட், சோப்பு, பனியன் வாங்கிக்கொண்டு போனேன். நடுவில் கண்ணாடி. இரண்டு பக்கமும் போன் மாதிரி ஒரு ரிசீவர். பக்கத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி இளைத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். உள்ளே யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். வெளியே வந்தால் ஊருக்கு வர வேண்டாம், கடம்பத்தூருக்கே வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எதையோ நினைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். என்ன என்று கேட்டேன்.

"காலைல ஆள எண்ணும்போது பேரக் கூப்புடறாங்கக்கா. என் பேரு. அப்பா பேரோட சேத்து, முழுசா. மொத நாளு வேற யாரையோ கூப்புடறாங்கன்னு பேசாம உக்காந்துகினு இருந்தேன்."